கைம்முதல் இல்லாதவருக்குக் கடன் மட்டும் போதுமா? பம்மலை முன்வைத்துச் சுயதொழில் திட்டங்கள் குறித்த ஒரு சட்டப் பார்வை

2025 ஆகஸ்ட் மாதம் சென்னை ரிப்பன் மாளிகையின் முன் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள்கள் அமர்ந்திருந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கோரியும் நடந்த போராட்டம் அது. ஆகஸ்ட் 13ஆம் நாள் இரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அங்கிருந்து அகற்றியது. மறுநாள் கூடிய தமிழ்நாடு அமைச்சரவை, தூய்மைப் பணியாளர்களுக்கென ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, வீடு, காப்பீடு ஆகியவற்றோடு ஒரு சுயதொழில் திட்டமும் அவற்றுள் இருந்தது. பணியாளர் குடும்பத்தினர் தொழில் தொடங்கினால் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, உச்ச வரம்பாக 3.5 இலட்சம் ரூபாய் மானியமும், கடனுக்கு 6 விழுக்காடு வட்டி மானியமும் வழங்கப்படும் என்பது அறிவிப்பு.

பணி கேட்டவர்களுக்குத் தொழில்கடன் விடையாக வந்தது. இந்த விடை புதியதன்று. வேலையின்மை பற்றிய கேள்வி எழும்போதெல்லாம் ‘பயிற்சி தருகிறோம், கடன் தருகிறோம், நீங்களே முதலாளி ஆகுங்கள்’ என்ற விடையே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலித் மக்களுக்குச் சொல்லப்பட்டு வருகிறது. இதனை முற்றாக மறுப்பது நம் நோக்கமன்று. கடன் பெறுவதும் தொழில் செய்வதும் நம் உரிமைகள். ஆனால் கடன் வேறு, கைம்முதல் வேறு. கைம்முதல் உள்ளவரின் கையில் கடன் ஒரு கருவி. இல்லாதவரின் கழுத்தில் அது சுருக்கு. இந்த வேறுபாட்டை விளக்குவதும், கடனைக் கருவியாக்கிக்கொள்ளச் சட்டம் எங்கெங்கே பிடிமானம் தருகிறது என்பதைத் தொகுத்துச் சொல்வதுமே இக்கட்டுரை. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, சென்னையின் தென்புறத்திலுள்ள பம்மலை எடுத்துக்கொள்வோம்.

ஏன் பம்மல்?

பல்லாவரத்தை ஒட்டி மேற்கே நாகல்கேணி, அனகாபுத்தூர், பொழிச்சலூர் ஆகியவற்றோடு சேர்ந்து கிடக்கும் ஊர் பம்மல். நெடுங்காலம் தனி நகராட்சியாக இருந்து, 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இன்று அம்மாநகராட்சியின் முதல் மண்டலம். மாவட்டத் தலைநகர் செங்கல்பட்டு.

இது வேலையில்லாத ஊராகப் பிறந்ததன்று. அடுத்துள்ள குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் நிறுவனத்திலிருந்து வந்தது. பம்மல், நாகல்கேணி, பல்லாவரம் பகுதித் தோல் பதனிடும் தொழிற்கூடங்களும், பல்லாவரம் – திரிசூலம் பக்கத்துக் கல்குவாரிகளும் தலைமுறைகளாக உழைப்பாளிகளை ஈர்த்தன. 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தபின் பெண்களுக்குத் தொழிற்சாலை வேலைகள் கிடைத்தன. தோல் தொழிலில் சுண்ணாம்புக் குழியிலும் ஈரத்தோலிலும் நின்று வேலை செய்தவர்களுள் பெரும்பான்மையினர் தலித்துகள். கூடத்தின் உரிமையாளர்களுள் அவர்களைத் தேட வேண்டியிருந்தது.

1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், பம்மல் அன்று அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் கூடங்கள் ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத கூடங்கள் இயங்கக் கூடாது என்றாயிற்று. நிலத்தடி நீரைக் காக்க அத்தீர்ப்பு தேவையாகவே இருந்தது. ஆனால் ஒரு தொழில் சுருங்கும்போது அதில் கைநனைத்தவர் எங்கே போவார் என்ற கேள்வி எஞ்சியது. கட்டட வேலை, ஆட்டோ, வீட்டு வேலை, சாலையோர வியாபாரம், ஒப்பந்தத் தூய்மைப் பணி என்று அவர்கள் சிதறினார்கள். பட்டம் பெற்ற அவர்களின் பிள்ளைகள் இன்று உணவு விநியோகப் பைகளோடு பல்லாவரம் மேம்பாலத்தில் ஓடுகிறார்கள்.

தாம்பரத்தின் முதல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2022 மார்ச்சில் 25 வயதான வசந்தகுமாரி கமலக்கண்ணன் அப்பொறுப்பேற்றார். அரசியல் சட்டம் மன்றத்தின் கதவைத் திறந்தது. கடைவீதியின் கதவு அவ்வாறு திறக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்த லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வார்ஷ்னி ஆகியோர், நாட்டின் தொழில் நிறுவனங்களுள் பட்டியல் சாதியினருக்கு உரியவை 9.8 விழுக்காடு மட்டுமே என்று காட்டினர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு அப்போது ஏறத்தாழ 16.4 விழுக்காடு.

பிணையும் நிலமும்

வங்கி முதலில் கேட்பது பிணை. பிணை என்றால் பெரும்பாலும் நிலம் அல்லது வீட்டுப் பத்திரம். தலித்துகளிடம் அது ஏன் இல்லை என்ற கேள்விக்கான விடையும் இதே செங்கல்பட்டு மண்ணில்தான் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், இம்மாவட்டப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். நிலமற்ற நிலையே அவர்களைப் பண்ணை அடிமைகளாக வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்ததே பஞ்சமி நிலத் திட்டம். மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகக் கணக்கு. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்ற நிபந்தனை இருந்தும், அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. அதனை மீட்கக் காரணையில் நடந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

எனவே ‘உங்களிடம் பிணை இல்லை’ என்று ஒரு வங்கி அலுவலர் சொல்லும்போது, அவர் விண்ணப்பதாரரின் தனிப்பட்ட குறையைச் சொல்லவில்லை. ஒரு நூற்றாண்டுப் பறிப்பின் முடிவைச் சொல்கிறார். அரசின் மானியத்தை நாம் சலுகை என்று அழைக்காமல், இழந்த கைம்முதலுக்கான சிறு ஈடு என்று அழைக்க வேண்டியது இதனால்தான்.

நுண்கடன் வந்த வழி

பிணையின்றிச் சிறுகடன் என்ற எண்ணம் வங்கதேசத்தில் பிறந்தது என்று பாடநூல்கள் சொல்லும். 1976இல் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கியானதும், 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றதும் உண்மையே. ஆனால் சென்னைக்குத் தனி வரலாறு உண்டு. 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, சென்னையின் குடிசைப் பகுதிகளில் கூடை வியாபாரம் செய்த பெண்களைத் திரட்டி, தேசியமய வங்கிகளிலிருந்து மாறுபட்ட வட்டித் திட்டக் கடன்களைப் பெற்றுத் தந்தது. 1972இல் வந்த அத்திட்டத்தின் வட்டி 4 விழுக்காடு. அதில் 40 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் செல்ல வேண்டும். நலிந்தவருக்குக் குறைந்த வட்டி என்பதே அன்றைய கொள்கை.

1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. 1997இல் மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது. சேமிப்பு முதலில், கடன் பின்னர் என்பது இக்குழுக்களின் ஒழுங்கு. பெண்கள் தம் பெயரில் கணக்கு வைத்ததும், வங்கி மேலாளரின் எதிரே நாற்காலியில் அமர்ந்ததும் சிறு மாற்றங்கள் அல்ல.

அடுத்து வந்தவை தனியார் நுண்நிதி நிறுவனங்கள். இவை சேமிப்பைக் கேட்பதில்லை. பத்துப் பெண்களைச் சேர்த்து ஒருவருக்கு ஒருவரைப் பொறுப்பாக்கிக் கடன் தந்து, வாரத்திலோ மாதத்திலோ வந்து வசூலிக்கின்றன. 4 விழுக்காடு என்று தொடங்கிய ஏழையின் வட்டி 20 விழுக்காட்டைத் தாண்டியது இந்தக் கட்டத்தில்தான். 2010இல் ஆந்திரத்தில் வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நிகழ்ந்தபோது அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழுவின் பரிந்துரைப்படி இந்நிறுவனங்களின் வட்டிக்கு வரம்பு வந்தது. அவ்வரம்பும் 2022 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டுவிட்டது. வட்டி மிகையாக இருக்கக் கூடாது என்ற பொது விதியே எஞ்சியுள்ளது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரே பெண் தள்ளுவண்டி இட்லிக் கடைக்காகக் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

தண்டல்காரரிடம் 10,000 ரூபாய்க்குப் போனால், எடுத்துக்காட்டாக 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு வட்டி.

நுண்நிதி நிறுவனத்திடம் 50,000 ரூபாய், குறையும் அசல் முறையில் 24 விழுக்காடு வட்டிக்கு, 24 மாதத் தவணையில் வாங்கினால், மாதம் ஏறத்தாழ 2,644 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 13,445 ரூபாய். ‘எங்களிடம் 12 விழுக்காடுதான்’ என்று ஒருவர் சொன்னால், அது நிலையான அசல் முறையா என்று கேட்க வேண்டும். அவ்வாறாயின் வட்டி 12,000 ரூபாய். உண்மையான ஆண்டு வட்டி 21.6 விழுக்காட்டை ஒட்டி வரும்.

மானியத் திட்டம் ஒன்றில் 3 இலட்சம் ரூபாய்த் திட்டத்திற்கு 35 விழுக்காடு மானியம் என்றால் 1,05,000 ரூபாய் திருப்பிச் செலுத்த வேண்டாதது. எஞ்சிய 1,95,000 மட்டுமே கடன். அதன் வட்டியிலும் 6 விழுக்காட்டை அரசு ஏற்கிறது.

மூன்றும் கடன் என்றே அழைக்கப்படுகின்றன. மூன்றாவதில் மட்டுமே கைம்முதல் இருக்கிறது. முதல் தவணை எப்போது தொடங்குகிறது என்பதும் முக்கியம். கடை வருமானம் தரச் சில மாதங்கள் ஆகும். நுண்கடனின் தவணையோ அடுத்த வாரமே வந்து நிற்கும். அத்தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவதில்தான் சுழல் தொடங்குகிறது.

ஆய்வுகள் இதனையே சொல்கின்றன. ஐதராபாத்தின் 104 குடிசைப் பகுதிகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, நுண்கடன் கிடைத்த பகுதிகளில் தொழில் முதலீடு ஓரளவு கூடியதையும், கல்வி, உடல்நலம், பெண்களின் நிலை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லாததையும் கண்டது. ஏற்கெனவே நன்கு நடந்த தொழில்களே கூடுதல் பயன் பெற்றன. அதே ஆண்டில் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்த வேறோர் ஆய்வு, மிக வறிய குடும்பங்களுக்குக் கடனுக்குப் பதிலாகத் தொழிற்சொத்தைக் கொடையாகத் தந்து, பயிற்சியும், தொடக்க மாதங்களுக்கு உணவுச் செலவும், தொடர் வழிகாட்டலும் சேர்த்தால் நீடித்த முன்னேற்றம் கிடைப்பதைக் காட்டியது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் தொடங்கிய முறை அது. கொள்கை வகுப்போரிடம் நாம் முன்வைக்க வேண்டிய சான்று இதுவே.

கைம்முதல் தரும் திட்டங்கள்

தாட்கோ: 1974இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் வழியாக ‘முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூக பொருளாதார தொழில்முனைவுத் திட்டம்’ நடைபெறுகிறது. 35 விழுக்காடு அல்லது 3.5 இலட்சம் ரூபாய், இரண்டில் குறைவானது மானியம். வட்டியில் 6 விழுக்காடு மானியம். 18 முதல் 55 வயது வரை விண்ணப்பிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3 இலட்சத்திற்குள் இருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கான அறிவிப்பில் உள்ள அளவும் இதுவே என்பதைக் கவனிக்க வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: 2023இல் வந்தது. 35 விழுக்காடு முதலீட்டு மானியம், உச்ச வரம்பு 1.5 கோடி, 6 விழுக்காடு வட்டி மானியம். சொந்தப் பங்காக ஒரு பகுதியைக் கட்டுமாறு கேட்காதது இதன் சிறப்பு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்: எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 15 இலட்சம் வரையிலான திட்டங்களுக்கு 25 விழுக்காடு, உச்ச வரம்பாக 3.75 இலட்சம் ரூபாய் மானியம்.

கையால் மலம் அள்ளும் பணியிலிருந்து மீட்கப்பட்டோர்: 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒருமுறை உதவித்தொகை, மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையோடு பயிற்சி, மாற்றுத் தொழிலுக்கு மானியமும் சலுகைக் கடனும் ஆகியவற்றை வழங்கக் கட்டளையிடுகிறது. இவர்களுக்குச் சுயதொழில் உதவி சட்டப்படியான மறுவாழ்வு உரிமை. இதனைத் திட்டம் என்றும் சலுகை என்றும் யார் பேசினாலும் நாம் திருத்த வேண்டும்.

இத்திட்டங்கள் யாவும் இறுதியில் வங்கியின் ஒப்புதலில் வந்து நிற்கின்றன. தேர்வுக் குழு பரிந்துரைத்த பின்னும் கிளை மேலாளர் மௌனமாக இருப்பதே பலரின் அனுபவம். இங்கே ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளில் நான்கு பிடிமானங்கள் உள்ளன.

ஒன்று, பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரரின் கடனைக் கிளை அளவிலேயே மறுக்கக் கூடாது. அடுத்த உயர்நிலை அலுவலரே மறுக்கலாம். மறுப்பின் காரணம் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். இரண்டு, அரசுத் திட்டக் கடனுக்கு வைப்புத்தொகை கட்டுமாறு வற்புறுத்தக் கூடாது. மூன்று, கடன் முழுவதும் அடையும்வரை மானியத்தை நிறுத்திவைத்து, தேவையைவிடக் குறைந்த தொகையோடு தொழிலைத் தொடங்கச் செய்யக் கூடாது. நான்கு, 2010 முதல், குறு, சிறு தொழில்களுக்கான 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்குப் பிணை கேட்கக் கூடாது.

ஆகவே விண்ணப்பத்தைக் கொடுத்த நாளிலேயே ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் தர மறுத்தால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் ஆட்சியருக்கும் மனு அளித்து, பொதுத்துறை வங்கியாயின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி காரணத்தைக் கோரலாம். வாய்மொழி மறுப்பை எதிர்த்து எந்த வழக்கும் நடத்த முடியாது. எழுத்து மறுப்பை எதிர்த்து நடத்த முடியும்.

கடனுக்கு முன் பணிக்கணக்கு

வேலையிழந்த ஒருவர் கடன் விண்ணப்பத்தை நிரப்பும் முன், அவருக்கு வரவேண்டியது என்ன என்று நாம் கேட்க வேண்டும். ஐந்தாண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதிய வீதம் பணிக்கொடை உண்டு. ஆட்குறைப்பு செய்யப்பட்டால் ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு உண்டு. வைப்புநிதி பிடித்திருந்தால் அது தனி. 24 மாதங்களில் 480 நாள்கள் வேலை செய்த தொழிலாளிக்கு, தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பணி நிரந்தரச் சட்டத்தின்படி நிரந்தரத் தகுதி கோரும் உரிமை இருக்கிறது. இருபது ஆண்டு தோல் கூடத்தில் உழைத்தவர் 30,000 ரூபாய் நுண்கடனுக்காக வரிசையில் நிற்கையில், அதைவிடப் பன்மடங்கு பணம் அவருடைய பழைய முதலாளியிடம் கிடக்கக்கூடும். அதுவே அவருடைய கைம்முதல். வருகைப் பதிவும் ஊதியச் சீட்டும் இல்லாமையே அங்கே தடை. ஆகவே வேலையில் இருக்கும்போதே அவற்றைப் பாதுகாக்கச் சொல்லித் தருவதும் சுயதொழில் பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

பயிற்சியின் பட்டியலில் சாதி

பயிற்சிக்கு நிறுவனங்கள் குறைவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் மத்தியக் காலணிப் பயிற்சி நிறுவனமும், அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. தாட்கோ கட்டணமின்றிப் பயிற்சிகளை நடத்துகிறது. ஊரகப் பகுதிகளில் வங்கிகள் நடத்தும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களுக்கு 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய நிறுவனமே முன்மாதிரி.

ஆனால் பெண்ணுக்குத் தையலும் அழகுக் கலையும், ஆணுக்குத் தோலும் கழிவுநீர் வாகனமும் என்று பயிற்சிப் பட்டியல் அமையுமானால், அது வேலையின்மையைக் குறைக்கலாம்; சாதித் தொழிலை அப்படியே நிலைநிறுத்தும். கழிவுநீர்க் குழியில் இறங்கியவரின் மகனுக்குக் கழிவுநீர் உறிஞ்சும் வாகனத்தைக் கடனில் தருவது உயிரைக் காக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் அவனுக்கு அது ஒன்றே தரப்படுமானால் மறுவாழ்வு என்ற சொல் பொருளிழக்கிறது. தோல் தொழிலிலும், பதனிடும் குழியில் நின்றவரின் பிள்ளை வடிவமைப்பையும் ஏற்றுமதி ஆவணத்தையும் விலை நிர்ணயத்தையும் கற்றால்தான் அது முன்னேற்றம். பயிற்சியின்போது உதவித்தொகை உண்டா என்பதும் அடிப்படைக் கேள்வி. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு ஒரு மாதம் வகுப்பில் அமர்வது, வயிற்றுக்கு வழியுள்ளவருக்கே இயலும்.

இடமும் சந்தையும்

கடனும் பயிற்சியும் பெற்றவருக்கு விற்க ஓர் இடம் வேண்டும். பம்மல் முதன்மைச் சாலையோரத்தில் வண்டி நிறுத்துபவருக்கு 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டமே அரண். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எந்த வியாபாரியையும் அகற்றக் கூடாது. இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்தல் மூலம் இடம்பெற வேண்டும். அவர்களுள் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய பங்கு வேண்டும். பிரதமரின் தெருவோர வியாபாரிகள் கடன் திட்டம் 2020இல் 10,000 ரூபாயில் தொடங்கி, 2025இல் முதல் தவணை 15,000 ஆக உயர்த்தப்பட்டு, 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. கடனைத் தரும் அரசே வண்டியை அள்ளிச் செல்லுமானால் அக்கடனுக்குப் பொருளில்லை. தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவின் கீழ் அடிப்படை உரிமை என்று 1989இலேயே சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இடம் கிடைத்தபின் வாங்குவோர் வேண்டும். இங்கே சாதி வெளிப்படையாக வருகிறது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டி அரசுப் பள்ளியில், சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தலித் பெண் சமைத்தார் என்பதற்காகக் காலை உணவைக் குழந்தைகள் உண்ணாமல் தடுக்கப்பட்டார்கள். ஆட்சியரும் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் நேரில் சென்று அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. அரசு தரும் இலவச உணவுக்கே இந்நிலை என்றால், காசு கொடுத்து வாங்கும் இடத்தில் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. புறநகரில் அது இத்தனை உரக்கப் பேசுவதில்லை. கடைக்கு வாடகை இடம் தர மறுப்பதாகவும், மொத்த வியாபாரி சரக்கைக் கடனுக்குத் தராததாகவும் வேலை செய்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு முகம் கொடுக்கிறது. தொழிலோ வியாபாரமோ செய்வதைத் தடுப்பது 3(1)(இசட்ஏ) பிரிவிலும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு 3(1)(இசட்சி) பிரிவிலும் குற்றம். ஒருவரோடு வணிகம் செய்ய மறுப்பதையும் பொருளாதாரப் புறக்கணிப்பின் வரையறை உள்ளடக்குகிறது. அடி, உதை வழக்குகளுக்கு மட்டுமே இச்சட்டத்தைப் பயன்படுத்தும் பழக்கத்தை நாம் மாற்ற வேண்டும்.

அரசே பெரிய வாடிக்கையாளர். 2012ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் ஆணையின்படி ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் பெற வேண்டும். நம் தோல் பொருள் செய்வோரும் தையல் கூடம் நடத்துவோரும் உதயம் பதிவு பெற்றுக் கொள்முதல் தளத்தில் சேர்ந்தால் இந்த 4 விழுக்காடு பேசும் பொருளாகும். இல்லையேல் ஆணையிலேயே கிடக்கும்.

வசூலுக்கு எல்லை உண்டு

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்நிதிக் கடன் நெறிமுறைகளை ஒவ்வொரு குழுவும் அறிந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்குத் தரும் பிணையற்ற கடன்களுக்கு இவை பொருந்தும்.

குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 16,000 ரூபாய் வருமானம் என்றால் 8,000 எல்லை. அதற்கு மேல் கடன் தந்த நிறுவனமே விதியை மீறியது. வட்டியும் கட்டணமும் அடங்கிய விவரத்தாள் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். காப்பீடு முதலியவற்றை வாங்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் இல்லை. வசூல், இருவரும் ஒப்பிய இடத்திலேயே நடக்க வேண்டும். அங்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வராதபோதே வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. வசைச்சொல், மிரட்டல், உறவினரையும் உடன் பணிபுரிவோரையும் தொல்லை செய்தல், பெயரை வெளியிட்டு அவமானப்படுத்தல் யாவும் தடை.

நிறுவனத்திற்கு எழுத்தில் புகார் தந்து 30 நாளில் தீர்வில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உதவி எண் 14448. வசூலுக்கு வந்தவர் பிறர் முன்னிலையில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவின் கீழ் குற்றம்; முதற்கட்ட விசாரணை என்று காவல்துறை காலம் கடத்த முடியாது. கந்துவட்டி, தண்டல், மீட்டர் வட்டி ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2025 ஏப்ரலில் வலுக்கட்டாய வசூலைத் தண்டிக்கும் சட்டமுன்வடிவு ஒன்றையும் சட்டமன்றம் நிறைவேற்றியது. கடனைக் கட்டத் தவறுவது உரிமையியல் சிக்கல்; மிரட்டி வசூலிப்பதே குற்றம். இந்த ஒரு வரியைக் குழுக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

மாற்றன்று, கூடுதல்

தோழர்களும் மாணவர்களும் பம்மல் போன்ற ஓர் ஊரில் ஒரு சிறு பணியைத் தொடங்கலாம். ஒரு தெருவில் எத்தனை குடும்பங்கள், எவரிடம், எத்தனை விழுக்காட்டில் கடன்பட்டுள்ளன என்று கணக்கெடுங்கள். தாட்கோவில் விண்ணப்பித்தவர் எத்தனை பேர், வங்கி மறுத்தவர் எத்தனை பேர், எழுத்தில் காரணம் பெற்றவர் எத்தனை பேர் என்று பதியுங்கள். நகர விற்பனைக் குழுவில் நம்மவர் உண்டா என்று தாம்பரம் மாநகராட்சியிடம் கேளுங்கள். 2024இல் இயற்றப்பட்ட பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், மக்கள்தொகைக்கேற்ற நிதி ஒதுக்கீட்டைச் சட்டக் கடமையாக்கியுள்ளது. அந்நிதியில் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டாத கைம்முதலாக நம் மக்களின் கைக்கு வந்தது என்று கேட்க இப்போது நமக்கு அடிப்படை இருக்கிறது.

ரிப்பன் மாளிகை முன் அமர்ந்திருந்தவர்களிடம் திரும்புவோம். அவர்களின் பிள்ளைகளுக்கு மானியத்தோடு தொழில் கிடைப்பது நல்லதே. அதனைத் தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் நகரம் நாள்தோறும் குப்பையைக் கொட்டுகிறது. அதனை அள்ளும் வேலை நிரந்தரமானது. நிரந்தரமான வேலையைச் செய்பவருக்கு நிரந்தரப் பணியைத் தருவது அரசின் கடமை. சுயதொழில் அந்த உரிமையின்மேல் கூட்டப்பட வேண்டியது. அதற்கு மாற்றாகத் தரப்படக் கூடாதது. வேலை கேட்டவரிடம் கடன் நீட்டப்படும் ஒவ்வொரு முறையும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இதில் கைம்முதல் எவ்வளவு? கேட்ட வேலை எங்கே?